சூரிய அடுப்பு: பாவனையும் பராமரிப்பும்

சூரிய அடுப்பை விறகடுப்பைப் போல் நடத்தினால் அது பயன் தராது. கண்ணாடி வழியே வரும் ஒளியைக் கறுப்புத் தகடும் கறுப்புப் பாத்திரமும் வெப்பமாக்குகின்றன. பெட்டி அதைத் தேக்கி வைக்கிறது. நல்ல வெயிலில் 100 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறும், ஆனால் மெதுவாக. காலை 10 மணிக்கு முன்னரே அரிசியையும் பருப்பையும் வைத்துவிட வேண்டும். வெந்ததா என அடிக்கடி திறந்து பார்ப்பதே நம் வீடுகளில் பெருங்குறை. திறக்குந்தோறும் சேர்ந்த சூடு போய்விடும். திறப்பதற்குப் பதிலாக, அரை மணிக்கொருமுறை பெட்டியைச் சூரியன் பக்கம் திருப்பினால் போதும்.

இடையில் முகில் மூடினால், அரைவேக்காட்டுச் சோற்றை மாலைவரை விட்டுவைக்க வேண்டாம். இளஞ்சூட்டில் நோய்க்கிருமிகள் பெருகும். உடனே விறகடுப்பில் ஏற்றி வேகவைத்து முடியுங்கள்.

சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் வெடிக்கும்; ஆறிய பின் துடையுங்கள். தெறிகண்ணாடிக்கு மென்துணியே ஏற்றது. சாம்பலும் பொச்சும் பாத்திரத்துக்குத்தான்! சுவர்களுக்கிடையே அடைத்த உமி நனைந்தால் சூடு நில்லாது. ஆகவே ஐப்பசியில் மாரி தொடங்குமுன் உமியை எடுத்துக் காயவைத்து, மீண்டும் அடைத்து, பெட்டியைக் கூரைக்குள் உயரமாக வையுங்கள்.