கல்லான மரமும் கரியான மரமும்

விழுப்புரம் மாவட்டத்தில் சங்கராபரணி ஆற்றின் அருகே திருவக்கரை என்னும் சிற்றூர் உள்ளது. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகட்கு முன் மணலிற் புதைந்த பெருமரங்கள் அங்கே கல்லாய்க் கிடக்கின்றன. நீரிற் கரைந்த மணற்சத்து மரத்தின் நுண்ணறைகளிற் புகுந்து இறுகியமையால் அவை அந்நிலை அடைந்தன. வரியும் கணுவும் மரம்போலவே தோன்றும், அடுப்பிலிட்டால் எரியா.

தெற்கே நெய்வேலியில், அவற்றினும் பழைய தாவரங்கள் சதுப்பு நிலத்திற் காற்றுப் படாது அழுந்திப் பழுப்பு நிலக்கரி ஆயின. அதனை அகழ்தற்கு 1956-இல் நிறுவனம் தோன்றிற்று; 1962-இல் அக்கரியால் மின்சாரம் பிறந்தது. வீட்டு விளக்குகளும் தொழிற்சாலைகளும் அதனாற் பெற்ற பயன் பெரிது. ஆயினும் எரித்த கரி மீளாது. அதன் புகையோ உலகை வெதுப்புகின்றது.

ஆதலின் காற்றையும் கதிரவனையும் நாடுதல் இன்றியமையாததாயிற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயிற் காற்றாலைகள் சுழல்கின்றன. கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் ஆற்றலுடைய சூரிய மின்நிலையம் எழுந்தது. இவற்றிற்கு எரிபொருள் வாங்க வேண்டுவதில்லை. ஆனால் பெரும்பொருளைத் தொடக்கத்திலேயே முதலாக இடவேண்டும். ஆகவே கடன் வட்டி உயர்ந்தால் மின்விலையும் உயரும். மேலும், வீடுகளில் விளக்கேற்றும் வேளையிலேதான் கதிரவன் மறைகின்றான்! அதற்கெனச் சேமிப்பு மின்கலங்கள் வேண்டும். அவற்றின் செலவும் சேரும்.

பணத்தினும் அரிது மக்களின் இசைவு. சுரங்கத்திற்கு நிலம் தந்தோர் இழப்பீடும் வேலையும் கேட்டு நெடுநாள் போராடினர். 2023-இல் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலிற் கால்வாய் வெட்டியபோது கிளர்ச்சி மூண்டது. அந்நிறுவனமே இன்று சூரிய மின்நிலையங்களும் நடத்துகின்றது. அவற்றுட் பல நெடுந்தொலைவில், தென்மாவட்டங்களில் உள்ளன. அவற்றிற்குப் பணியாளர் சிலரே போதும். சுரங்கம் ஓயும் நாளில் நெய்வேலித் தொழிலாளர்க்கு மாற்றுத் தொழில் யாது என்பது இன்னும் முடிவாகவில்லை.