பெயர் தெரிந்தால் செடி... தெரியாவிட்டால் களை! - மாடித்தோட்டத்துக்குத் தமிழில் பெயர் ஸ்டிக்கர்

போன ஆடியில் என் மாமியார், மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டு வந்தார். வந்ததும் வராததுமாகப் பையைக்கூட உள்ளே வைக்காமல் மொட்டைமாடிக்குத்தான் ஏறினார். இரண்டே நிமிடத்தில் மேலேயிருந்து குரல் வந்தது.

“ஏம்மா... இந்தத் தொட்டியில இருந்த கீழாநெல்லி எங்க?”

“களை மாதிரி இருந்துச்சு அத்தை. பிடுங்கிப் போட்டுட்டேன்.”

அவர் கோபப்படவில்லை. “பேர் தெரியலைன்னா எல்லாமே களைதான்” என்று மட்டும் சொல்லிவிட்டு, காலித் தொட்டியின் மண்ணை விரலால் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

யோசித்துப் பார்த்தால், எங்கள் மாடியில் உள்ள முப்பது தொட்டிகளின் பெயர்ப் பட்டியலும் அத்தையின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. பாகல், பீர்க்கன், புடலை எல்லாம் நாற்றாக இருக்கும்போது எனக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். கீழாநெல்லிக்கும் மேலாநெல்லிக்கும் வித்தியாசம் கேட்டால் விழிப்பேன். அன்றைக்கே முடிவு செய்தேன், எல்லாத் தொட்டிக்கும் பெயர் வைத்துவிட வேண்டும் என்று.

முதலில் ஐஸ் குச்சியில் மார்க்கர் பேனாவால் எழுதி நட்டேன். வெயிலில் சில வாரங்களில் எழுத்து வெளுத்தது. மழையில் குச்சியும் கறுத்தது. அடுத்து மகள், “நான் மெஷின்ல கட் பண்ணித் தர்றேம்மா” என்று கிளம்பினாள். கைவினைப் பொருள் செய்ய அவள் வாங்கிய வினைல் வெட்டும் இயந்திரம் வீட்டில் சும்மாதான் இருந்தது. அழகான ஆங்கில எழுத்தில் பத்துப் பெயர்களை வெட்டி ஒட்டினாள். அத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “நல்லாருக்கு கண்ணு. என்ன எழுதியிருக்க?” என்றார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும்.

சரி, தமிழிலேயே வெட்டலாம் என்று உட்கார்ந்தபோதுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது.

கொம்பு ஓடிப்போன கொத்தமல்லி

கிரிகட் (உச்சரிப்பு நம்ம கிரிக்கெட் மாதிரியேதான்), சில்லௌட், பிரதர் ஸ்கேன்என்கட் என்று இந்த வகை இயந்திரங்கள் பல உண்டு. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான். கணினியில் வரைந்த கோட்டின் மேலேயே ஒரு சின்னக் கத்தி ஓடி, பின்பக்கம் பசையுள்ள வினைல் தாளை வெட்டும்.

பிரச்னை கத்தியில் இல்லை, எழுத்தில். தமிழில் ‘கொ’ என்று அடித்தால் கணினி முதலில் ககரத்தையும் அடுத்து ஒகரக் குறியையும் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்துவைக்க வேண்டியது மென்பொருளின் பொறுப்பு. அதைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பு இடம் மாறும், புள்ளி விலகும், நடுவில் புள்ளி வட்டம் முளைக்கும். எங்கள் கொத்தமல்லிக்கும் அதுதான் நடந்தது.

கணினியில் என்ன ஃபான்ட் இருக்கிறது?

முதலில் உங்கள் கணினியில் ஏற்கெனவே உள்ள தமிழ் எழுத்துருக்களைப் பாருங்கள்.

விண்டோஸ் என்றால் செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், ஃபான்ட்ஸ் என்று வரிசையாகப் போங்கள். ‘நிர்மலா யூஐ’ அநேகமாக இருக்கும். சில கணினிகளில் ‘லதா’, ‘விஜயா’வும் இருக்கும். ஃபான்ட்டைத் தொட்டால் எழுதிப் பார்க்க ஒரு பெட்டி வரும். அதில் ‘கொத்தமல்லி’ என்று தட்டிப் பாருங்கள்.

மேக் என்றால் ‘ஃபான்ட் புக்’ செயலியைத் திறங்கள். ‘தமிழ் எம்என்’, ‘தமிழ் சங்கம் எம்என்’, ‘இணைமதி’ போன்றவை அதிலேயே இருக்கும்.

புதிதாக வேண்டுமென்றால் கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரன், பலூ தம்பி எல்லாம் இலவசம். இறக்கிய ஜிப் கோப்பை விரித்து, ஃபான்ட் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ‘இன்ஸ்டால்’ கொடுங்கள். வெட்டும் மென்பொருள் திறந்திருந்தால் மூடிவிட்டு மறுபடி திறங்கள். அப்போதுதான் புது ஃபான்ட் பட்டியலில் வரும்.

ஒரு எச்சரிக்கை. வேர்டில் எந்த ஆங்கில ஃபான்ட்டைத் தேர்ந்தெடுத்தாலும் தமிழ் எழுத்து ஒரே மாதிரி தெரிகிறதா? அப்படியென்றால் அந்த ஃபான்ட்டில் தமிழே இல்லை. கணினி தானாக வேறொன்றை எடுத்துப் போட்டுச் சமாளிக்கிறது. வெட்டும் மென்பொருளில் அதே ஃபான்ட் வெறும் கட்டங்களாக வரலாம்.

எழுத்தைப் படமாக்குங்கள்

எழுத்து உடைந்தால் சுலபமான வழி, அதை எழுத்தாக அனுப்பாமல் கோடுகளாக அனுப்புவது. ‘இன்க்ஸ்கேப்’ என்ற இலவச மென்பொருள் தமிழைச் சரியாகக் காட்டும். அதில் பெயரைத் தட்டி, ‘பாத்’ மெனுவில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து, அடுத்து ‘யூனியன்’ கொடுங்கள். இப்போது அது எழுத்து அல்ல, வெறும் வடிவம். எஸ்விஜி கோப்பாகச் சேமித்து, அந்த வகைக் கோப்பை ஏற்கும் வெட்டும் மென்பொருளில் ஏற்றினால் கொம்பு எங்கேயும் ஓடாது.

புள்ளியைக் காப்பாற்றுங்கள்

வெட்டி முடித்ததும் எழுத்தைச் சுற்றியுள்ள வேண்டாத வினைலை உரித்தெடுக்க வேண்டும். இந்தத் தொழிலில் அதற்கு ‘வீடிங்’ என்று பெயர். அதாவது களையெடுப்பு! அங்கேதான் நம் மெய்யெழுத்துக்கு ஆபத்து. தமிழ்ப் புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் சின்னத் துண்டு. அவசரமாக உரித்தால் அதுவும் கூடவே வந்துவிடும். எங்கள் முதல் கீழாநெல்லி, ‘கீழாநெலலி’ ஆனது இப்படித்தான்.

அதனால் தடித்த ஃபான்ட்டாக, பெரிய புள்ளி உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள். எழுத்தின் உயரம் 15 மில்லிமீட்டராவது இருக்கட்டும். வயதானவர்களுக்கு வாசிக்கவும் வசதி. துளசி, தூதுவளை இரண்டிலும் புள்ளியே இல்லை. பழகுவதற்கு அவற்றிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஒட்டும்போது கவனிக்க...

* வெயில், மழைக்கு ‘பெர்மனன்ட்’ வகை வினைல் வாங்குங்கள். ‘ரிமூவபிள்’ வகை வீட்டுக்குள் ஒட்டத்தான்.

* மண்தொட்டியில் நேரடியாக ஒட்டாதீர்கள். மண்தொட்டி ஈரத்தைக் கசியவிடும், ஸ்டிக்கர் உரிந்துவிடும். பழைய வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா மூடியைப் பட்டையாக வெட்டி, அதில் ஒட்டி நடுங்கள். உடைந்த டைல்ஸ் துண்டும் நன்றாக இருக்கும்.

* ஒட்டும் இடத்தை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். வெட்டிய எழுத்தை ‘டிரான்ஸ்ஃபர் டேப்’பில் எடுத்து ஒட்டி, நன்றாகத் தேய்த்துவிட்டு டேப்பை மெதுவாக உரியுங்கள். ஒரு நாள் தண்ணீர் படாமல் வைத்திருங்கள்.

* வெள்ளைப் பட்டையில் கறுப்பு எழுத்துதான் தூரத்திலிருந்தும் தெரியும்.

* வினைல் ஒரு வகைப் பிளாஸ்டிக். மிச்சத் துண்டுகளைக் கொளுத்தவோ உரக்குழியில் போடவோ வேண்டாம்.

மெஷின் இல்லையா?

இதற்காக யாரும் இயந்திரம் வாங்க வேண்டாம். வண்டிக்கு ஸ்டிக்கர் வெட்டும் ரேடியம் ஸ்டிக்கர் கடையில் இதே வேலையைச் செய்யும் பெரிய இயந்திரம் இருக்கும். எல்லாப் பெயர்களையும் ஒரே பக்கத்தில் தட்டி, பிடிஎஃப் ஆக்கி, போனிலிருந்தே அனுப்பலாம். வெட்டுவதற்கு முன் திரையில் ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிடுங்கள்.

நாலைந்து தொட்டிதான் என்றால் அதுவும் வேண்டாம். சொரசொரப்பான பிளாஸ்டிக் பட்டையில் சாதாரண பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் மை போல அது வெயிலில் வெளுக்காது. நாங்கள் இப்போது முன்பக்கம் வினைலில் பெயரும், பின்பக்கம் பென்சிலில் விதைத்த தேதியும் போடுகிறோம்.

வெட்டியதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. பட்டியல் தயாரிக்க அத்தையோடு மூன்று சாயங்காலம் மாடியில் உட்கார்ந்தோம். அவர் சொல்லச் சொல்ல மகள் போனில் தட்டினாள். இலைக்கு அடியில் வரிசையாகக் காய் தொங்கினால் அதுதான் கீழாநெல்லி என்று அப்போதுதான் நான் தெரிந்துகொண்டேன். முப்பது தொட்டிக்கு முப்பத்தொரு பெயர் வந்தது.

“ஒண்ணு கூட இருக்கே பாட்டி?” என்றாள் மகள்.

“அந்தக் காலித் தொட்டிக்குடி. மழை பெஞ்சா அது தானா முளைக்கும். இந்தத் தடவை உங்கம்மா கண்ணுல படட்டும்.”

ஐப்பசி மழையில் முளைத்தது. பட்டைக்குப் பக்கத்திலேயே.