செயின் மேல் பழி போடாதீர்கள்!

பந்தயம் என்றால் ஜொகூர்க்காரர்களுக்கு பாசிர் கூடாங்தான் நினைவுக்கு வரும். 1986-இல் திறக்கப்பட்ட அந்தத் தடத்தில், 1998-இல் மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரி நடந்தது. அந்த ஆசை பிள்ளைகளைக் கோ-கார்ட்டில் உட்கார வைக்கிறது. செயின் கழன்றால் அப்பாக்கள் புதுச் செயின் வாங்க ஓடுகிறார்கள்.

கோளாறு பல நேரம் செயினில் இல்லை. எஞ்சினின் சின்னப் பல்சக்கரமும் பின் அச்சின் பெரிய பல்சக்கரமும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். எஞ்சினை அணைத்து, பிளக் வயரைக் கழற்றுங்கள். இரும்பு ஸ்கேலைப் பெரிய சக்கரத்தின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள். சின்னச் சக்கரத்தையும் அது இடைவெளியின்றித் தொட வேண்டும். விலகியிருந்தால், அச்சில் பெரிய சக்கரத்தின் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்துங்கள்.

அடுத்து, தொய்வு. நடுவில் விரலால் அழுத்தினால் செயின் சுமார் 12 மி.மீ. அசையலாம். அதிகம் இறுகினால் பேரிங் தேயும். தளர்ந்தால் செயின் கழலும். எஞ்சினை நகர்த்தி இறுக்கியபின், ஸ்கேலை மறுபடி வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, பிள்ளையை உட்கார வைத்துப் பாருங்கள். எடை ஏறினால் வண்டி தாழும். அப்போதும் பல்சக்கரம் தரையிலோ, செயின் சட்டத்திலோ உரசக்கூடாது.

அறுந்த செயின் சாட்டையாய்ச் சுழலும். செயின் மூடியை மாட்டாமல் பிள்ளையிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.