பழைய பெக்கோ இயந்திரங்களில் மின்கட்டுப்பாட்டுத் தொடர்புக் கோளாறுகளைக் கண்டறிதல்

குளத்தில் தூரெடுப்பதற்கும், வாய்க்காலும் வடிகாலும் திருத்துவதற்கும், தோட்டத்திற் கிணறு வெட்டுவதற்கும் பெக்கோ எனப்படும் அகழ்பொறி இன்று பெரிதும் பயன்படுகின்றது. இவற்றுட் பல, யப்பான் முதலிய நாடுகளிற் சில ஆண்டுகள் உழைத்தபின் இங்கு கொண்டுவரப்பட்டவை. சிறுபோக அறுவடைக்கும் பெரும்போக மழைக்கும் இடைப்பட்ட சில வாரங்களே குளவேலைக்கு உகந்த காலம். அவ்வேளையில் இயந்திரம் நின்றுவிடின் நட்டமாவது வாடகைப்பணம் மட்டுமன்று. குளம் தூர்ந்தபடியே மழையை ஏற்கவேண்டி வரும்.

முன்னைய அகழ்பொறிகளில் எஞ்சினின் வேகம் இழுகம்பியால் மாற்றப்பட்டது. பின்வந்தவற்றில் அவ்வேலையை மின்கட்டுப்படுத்திகள் செய்கின்றன. எஞ்சினுக்கு ஒன்று, எண்ணெய்ப் பம்பிக்கு ஒன்று, சாரதியின் முன்னுள்ள காட்சித்தட்டு ஒன்று எனக் குறைந்தது மூன்றாவது இருக்கும். இவை தம்முள் இடையறாது செய்தி பரிமாறுகின்றன. அதற்குரிய வழி, ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட இரண்டு மெல்லிய கம்பிகளே. ‘கான்’ எனப்படும் இம்முறையை ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் 1986இல் மோட்டார் வாகனங்களுக்கென அறிமுகஞ் செய்தது. 1993இல் அது சர்வதேச நியமமாயிற்று. கம்பிகளுள் ஒன்று உயர் கம்பி, மற்றது தாழ் கம்பி. செய்தி செல்லாதபோது இரண்டிலும் ஏறக்குறைய 2.5 உவோற்று நிற்கும். செய்தி செல்லுங்கால் உயர் கம்பி 3.5 வரை ஏற, தாழ் கம்பி 1.5 வரை இறங்கும். செய்தி எதிரொலித்துக் குழம்பாதிருக்க, வழியின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று பொருத்தப்பட்டிருக்கும்.

இத்தொடர்பு அறுந்தால் எஞ்சின் குறைந்த வேகத்திலேயே நிற்கலாம். வாளி மெதுவாக அசையலாம். பாரம் ஏறியதும் எஞ்சின் அணையலாம். சில வேளை இயங்கவே மறுக்கலாம். இவற்றைக் கண்டதும் ‘பம்பி தேய்ந்துவிட்டது’ என முடிவுகட்டி, பெருஞ்செலவில் அதைக் கழற்றுவோர் உளர். அவசரப்படலாகாது. தேய்ந்த பம்பி சிறிது சிறிதாகவே வலுவிழக்கும். எண்ணெய் சூடேறச் சூடேறக் குறை கூடும். தொடர்புக் கோளாறோ பெரும்பாலும் திடீரென வரும்; சாவியை மூடித் திறந்தால் மறையும்; மழைக்குப் பின்னரோ இயந்திரம் குலுங்கும்போதோ மீண்டும் தோன்றும்.

காட்சித்தட்டிற் தோன்றும் கோளாறு எண்ணையும் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். ‘பம்பிக் கட்டுப்படுத்தியிடமிருந்து செய்தி இல்லை’ என்பது அக்கட்டுப்படுத்தி பழுது என்பதாகாது. ஒரு வயலுக்கு மட்டும் நீர் வராவிடின் அதன் வக்கடையைப் பார்ப்போம்; எல்லா வயலுக்கும் வராவிடின் துருசைப் பார்ப்போம். அவ்வாறே ஒரு கட்டுப்படுத்தி மட்டும் மௌனமாயிருப்பின் முதலில் அதன் உருகி, மின்னூட்டக் கம்பி, புவிக்கம்பி என்பவற்றையும், எல்லாமே ஒன்றையொன்று குறைகூறின் பொதுவழியையும் சோதிக்கவேண்டும்.

சோதனைக்கு முன் வாளியை நிலத்தில் ஊன்றி எஞ்சினை நிறுத்துக. இரண்டு 12 உவோற்று பற்றரிகள் தொடராக இணைந்து 24 உவோற்று தருகின்றன. நன்கு மின்னேறியவை ஓய்வில் 25 உவோற்றுக்குச் சற்று மேற் காட்டும். பற்றரி தளர்ந்திருப்பின், இயக்கும் வேளையில் உவோற்றளவு சரிந்து கட்டுப்படுத்திகள் மயங்கும். துருப்பிடித்த புவியிணைப்பும் இதே தொல்லையைத் தரும். கோளாறுகளிற் கணிசமானவை இந்த எளிய இடத்திலேயே தீர்ந்துவிடுகின்றன.

அடுத்து, சாவியை மூடிச் சில நிமிடம் பொறுத்து, பற்றரியைத் துண்டித்து, சோதனைச் செருகியில் உயர் கம்பிக்கும் தாழ் கம்பிக்கும் இடையேயுள்ள தடையைப் பல்மானியால் அளக்கவும். 60 ஓம் அளவிற் காட்டின் வழி முழுமையாக உள்ளது. 120 காட்டின் ஒரு முனைத்தடை இல்லை, அல்லது இடையில் எங்கோ கம்பி அறுந்துள்ளது. 40 எனின் எவரோ மூன்றாவது தடையொன்றைச் சேர்த்துள்ளார். பூச்சியத்தை அண்மித்தால் இரு கம்பிகளும் உரசி ஒன்றாகிவிட்டன. இவ்வெண்கள் மேற்கூறிய நியமத்தைப் பின்பற்றும் இயந்திரங்களுக்கே பொருந்தும். சில பழைய மாதிரிகள் தமக்கெனத் தனிமுறை உடையன. ஆதலால் அவ்வியந்திரத்தின் திருத்தக் கைந்நூலைப் பார்த்துக்கொள்ளல் அவசியம்.

தடை சரியாயிருப்பின் பற்றரியை மீள இணைத்து, சாவியைத் திறந்து, ஒவ்வொரு கம்பிக்கும் புவிக்கும் இடையில் உவோற்றளவைப் பார்க்கவும். உயர் கம்பி 2.5க்குச் சற்று மேலும் தாழ் கம்பி சற்றுக் கீழும் காட்டவேண்டும். ஒன்று பூச்சியமாயின் அது இயந்திரச் சட்டத்தைத் தொடுகின்றது எனலாம். 24ஐ அண்மித்தால் மின்னூட்டக் கம்பியைத் தொடுகின்றது. பின்னர் சாவியை மூடி ஒரு கட்டுப்படுத்தியின் செருகியைக் கழற்றி, மீண்டும் திறந்து அளந்து, இவ்வாறு ஒவ்வொன்றாகப் பார்த்துவரின், எதைக் கழற்றியதும் வழி சீராகின்றதோ அங்கே குற்றம் உள்ளது. கழற்றியதன் உள்ளேயே முனைத்தடை இருந்தால் தடை அளவு 120க்கு ஏறும். அதைக் குற்றமெனக் கொள்ளற்க. விட்டுவிட்டு வரும் கோளாறாயின், ஒருவர் பல்மானியைப் பார்த்திருக்க மற்றவர் கம்பிக்கட்டைக் கையால் அசைத்துக்கொண்டே செல்லலாம்.

குற்றம் பெரும்பாலும் எங்கே இருக்கும்? கம்பிக்கட்டு இரும்பு விளிம்பில் உரசுமிடம், எஞ்சினின் வெப்பத்தால் உறை வெடித்த இடம், நீர் புகுந்து பச்சை பூத்த செருகி ஆகியவை முதன்மையானவை. மற்றொன்று எலி. பட்டறையை அடுத்து ஒரு மாதம் சும்மா நின்ற பெக்கோவின் ஆசனத்தடியில் எலி கூடுகட்டிக் கம்பியைத் தின்றிருப்பது வியப்பன்று. வயலிற் போலவே இங்கும் அதற்குக் காவல் வேண்டும். சோதிக்கும்போது ஊசியாற் கம்பியின் உறையைக் குத்துதல் கூடாது. அத்துளை வழியே நீர் புகுந்து அடுத்த மழைக்குப் புதிய கோளாறு பிறக்கும்.

பழைய இயந்திரத்தை வாங்குவோர், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அதை இயக்கிப் பார்க்கவேண்டும். சாவியைத் திறந்தவுடன் எச்சரிக்கை விளக்குகள் ஒருமுறை ஒளிர்ந்து அணைகின்றனவா எனக் கவனிக்க. சில மாதிரிகளில், கட்டுப்படுத்தி தவறினும் பம்பியை ஓரளவு இயக்க அவசர ஆளி ஒன்று உண்டு. அதை இயக்கிவைத்தே இயந்திரத்தை விற்பவரும் இருக்கலாம். பின்னர் பொருத்திய தடங்காண் கருவிகளும், நாடா சுற்றிய கம்பி இணைப்புகளும் கண்ட இடத்தில் ஐயங்கொள்ளவும். வேறோர் இயந்திரத்திலிருந்து கழற்றிய கட்டுப்படுத்தி, அதற்குரிய நிரல் ஏற்றப்படாவிடின் பொருந்தாமற் போகலாம். மேற்கண்ட சோதனைகள் முடியுமுன் அதற்குப் பணங் கொடுக்கவேண்டாம்.

வாளிக்கோ கைக்கோ மின்னொட்டு வேலை செய்யுமுன் பற்றரியைத் துண்டித்து, கட்டுப்படுத்திகளின் செருகிகளையும் கழற்றிவிடவேண்டும். ஒட்டுப்பொறியின் புவிக்கவ்வியை ஒட்டும் இடத்துக்கு அண்மையிலேயே பூட்டுக. இயந்திரத்தைக் கழுவும்போது வேகமான நீர்த்தாரையைச் செருகிகள்மீது பாய்ச்சலாகாது. நனைந்துவிடின் சாவியைத் திறக்குமுன் உலரவிடவும்.