கம்மாபுரத்து மனைக்கு அடியில்

கம்மாபுரம் பக்கம் வீட்டுமனை வாங்கிப் போடலாமா, டிடிசிபி அங்கீகாரம் இருக்கிறதாமே என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மூன்றே வருடத்தில் விலை இரட்டிப்பாகும் என்று தரகர் சொன்னாராம். அதை அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் நம்பலாம்.

பட்டா, வில்லங்கம், புலப்படம் எல்லாம் இன்று இணையத்திலேயே கிடைக்கின்றன, பார்த்துவிடுங்கள். ஆனால் இவை மண்ணின் மேல்தோலைத்தான் சொல்லும். இந்த வட்டாரத்தில் விஷயம் கீழே கிடக்கிறது.

1930-களில் பக்கத்து நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது, 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது, மறு வருடம் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். வரலாறு இவ்வளவு போதும்.

எனக்குப் பிடித்தது பழுப்பு நிலக்கரிக்கும் கீழே உள்ள தண்ணீர். மேற்கே மேட்டுநிலத்தில் இறங்கும் மழை, களிமண் அடுக்குகளுக்கு இடையே மாட்டிக்கொண்டு இங்கே அழுத்தத்தோடு நிற்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. குறைந்த கணக்கையே எடுத்தாலும், ஒரு சென்ட் மனையைக் கீழிருந்து சுமார் 2,400 டன் விசை மேலே தள்ளுகிறது! வீடு ஏன் பறக்கவில்லை? 60 மீட்டர் மண் இருந்தாலே அதன் எடை அந்த விசையைப்போல இரண்டு மடங்கு.

மூடிமேல் அம்மிக்கல் வைத்த இட்லிப் பானை இது. கல்லை எடுத்தால் மூடி எகிறும். சுரங்கத்தில் மேல்மண்ணை அள்ளினால் மிஞ்சுவது எடை குறைந்த நிலக்கரிதான். அடித்தளம் பிளந்து நீர் பீறிடும். ஆகவே முதலில் சுற்றிலும் ஆழ்குழாய் போட்டு இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். ஆனால் ஊருக்கெல்லாம் ஒரே பானை; ஒருவர் முகந்தால் பக்கத்து வீட்டு இட்லி வேகாது. (இட்லிக்கு அடியில் நிலக்கரி கிடையாது என்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.) ஒருகாலத்தில் இந்த வட்டாரத்தில் மோட்டார் இல்லாமலே பொங்கிய கிணறுகள் உண்டு.

இன்னொன்று. விளைநிலப் பகுதிகளில் சில புதிய தொழில்களைத் தடுக்க 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்களைச் சேர்த்தது. கம்மாபுரம் அதில் இல்லை. இதையே நல்ல செய்தியாகச் சொல்லும் தரகரும் இருப்பார்: கட்டுப்பாடு குறைவு சார்! கட்டுப்பாடு குறைவு என்பது எல்லோருக்கும்தான், சுரங்கத்துக்கும் சேர்த்து. அரசு 1997-ஆம் ஆண்டின் தொழில் நில எடுப்புச் சட்டத்தைக் கையிலெடுத்தால், அங்கீகார எண் இழப்பீட்டுக் கோப்பில் ஒரு காகிதம், அவ்வளவே.

முன்பணம் கொடுக்குமுன் சர்வே எண்ணோடு வட்டாட்சியர் அலுவலகம் போய், நில எடுப்பு அறிவிக்கையில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு அந்த ஊரில் போர் போடுகிறவரைப் பிடியுங்கள். பத்து வருடத்துக்கு முன் எத்தனை அடியில் தண்ணீர், இப்போது எத்தனை அடி என்று அவருக்குத் தெரியும்; விற்க வேண்டிய மனையும் அவரிடம் இருக்காது.