பிரதியின் பெருமை

சித்திரத்தைப் பார்த்துச் சித்திரம் எழுதுபவனைச் சிருஷ்டிகர்த்தா என்று ஒப்புக்கொள்ளவோ, அதை விலைபேசி விற்பவனைக் கலைஞர்களின் பந்தியில் அமர்த்தவோ ரசிகர்கள் எளிதில் இசைவதில்லை. ஆயினும் பதினேழாம் நூற்றாண்டில் பிளாண்டர்ஸ் நாட்டில் வாழ்ந்த டேவிட் டெனியர்ஸ், ஓவியம், பிரதி, வியாபாரம் ஆகிய மூன்றையும் ஒருசேர நடத்தி, அவை ஒன்றுக்கொன்று துணையாகவே நின்றதைத் தம் வாழ்வில் காட்டினார்.

1610-இல் ஆன்ட்வெர்ப் நகரில் பிறந்த அவருக்குத் தந்தையே குரு. அந்தத் தந்தையோ ஓவியத்தோடு சித்திர வியாபாரமும் செய்து, கடன் தொல்லையால் சிறைவாசமும் கண்டவர்; ஆகவே பழைய மேதைகளின் படங்களுக்குப் பிரதி எழுதிக் குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு இளமையிலேயே மகன்மீது விழுந்தது. பின்னர், சாவடிகளில் குடித்தும் புகைத்தும் களிக்கும் குடியானவர்களைத் தீட்டி அவர் சுயமாகவே கீர்த்தி பெற்றார். 1637-இல் புகழ்பெற்ற பிரூகல் குடும்பத்துப் பெண்ணை மணந்தார்.

1651-இல் பிரஸ்ஸல்ஸில் ஆண்ட ஆர்ச்டியூக் லியோபோல்ட் வில்ஹெல்ம் அவரை ஆஸ்தான ஓவியராக்கித் தம் சித்திரசாலையையும் அவர் பொறுப்பில் விட்டார். 1649-இல் இங்கிலாந்தில் சிரச்சேதம் செய்யப்பட்ட ஹாமில்டன் பிரபுவின் இத்தாலியச் சித்திரங்கள் பெரும்பாலும் அங்கேதான் வந்து சேர்ந்திருந்தன. அவற்றுள் தேர்ந்தெடுத்த படங்களை ஏறக்குறைய ஒரு சாண் அளவே உள்ள சிறு பலகைகளில் டெனியர்ஸ் எண்ணெய் வர்ணத்தில் பிரதி செய்தார். அப்பலகைகளைப் பார்த்துச் செப்புத் தகடுகளில் செதுக்கச் சிற்பிகள் பலரை அமர்த்தி, 243 படங்கள் கொண்ட 'தியேட்ரம் பிக்டோரியம்' என்னும் நூலை 1660-இல் தம் சொந்தச் செலவிலேயே வெளியிட்டார். சித்திரசாலை ஒன்றுக்குப் படங்களோடு அச்சான முதல் ஜாபிதா அதுவே என்பர். தகட்டில் செதுக்கியது காகிதத்தில் இடம்வலம் மாறிப் பதிவதால், அதில் பல படங்கள் கண்ணாடிப் பிம்பங்களாகவே காட்சியளிக்கின்றன.

ஆனால் அந்தச் சிறு பலகைகளின் அருமையை, ஆர்ச்டியூக்கின் சித்திரசாலையில் இருந்த, இத்தாலிய ஓவியர் ஜார்ஜோனேயின் 'மூன்று தத்துவஞானிகள்' காட்டும். வியன்னா அரும்பொருட்சாலையிலுள்ள அந்த மூலப் படத்தில், குகை தென்படும் இடப்புறத்தைப் பிற்காலத்தில் எவரோ வெட்டிக் குறைத்துவிட்டனர். வெட்டுண்ட பகுதி எவ்வளவு என்பதை இன்று டப்ளினில் இருக்கும் டெனியர்ஸின் பிரதியே அறிவிக்கிறது. ஜார்ஜோனே எழுதிய, கிரேக்கப் புராணத்துப் பாரிஸ் குழந்தையாக இருக்கும் படமோ அடியோடு மறைந்துவிட, அதன் உருவம் டெனியர்ஸ் எழுதிய பிரதியின் வழியாகவே நமக்குத் தெரிகிறது.

வயிற்றுப்பாட்டுக்காகப் பழகிய கை, மூலத்தை மிஞ்ச எண்ணாமல் அடக்கத்தோடு உழைத்ததனாலேயே அதன் சாட்சியம் இன்று நம்பத் தக்கதாய் இருக்கிறது. பிரதி என்றதும் முகம் சுளிக்கும் விமரிசகர்கள், மூலமே தன் பூர்வ வடிவத்தை அறியப் பிரதியை நாட நேர்ந்த இந்தச் சரித்திரத்தைச் சற்றே சிந்தித்துப் பார்ப்பது நலம்.