ஓய்வில் கெடும் பொறிகள்: குளிர்நாட்டுப் பாய்மரப் படகுகளின் பராமரிப்பு

ஆயில் என்ஜினும் விசைத்தெளிப்பானும் நம் உழவர்களிடம் ஆண்டில் சில வாரங்களே ஓடுகின்றன. மீதி நாட்களில் அவை கொட்டகையில் கிடக்கின்றன. அடுத்த பருவத்தில் எடுத்து ஓட்ட முற்படும்போதுதான் கோளாறு தெரிகிறது. "போன தடவை நன்றாகத்தானே ஓடியது" என்று மெக்கானிக்கிடம் சொல்லாத உழவர் இல்லை. ஓடியது உண்மைதான். அது கெட்டது ஓடும்போது அல்ல, கிடந்தபோது.

இந்த உண்மையை வேறு எவரையும்விட நன்கு அறிந்தவர்கள், வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பொழுதுபோக்கிற்காகப் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் எனலாம். ஆண்டில் ஏறக்குறைய பாதி நாட்கள் அவர்கள் படகைக் கரையேற்றி வைத்தே தீரவேண்டும். அந்த ஆறு மாதம் படகு கெடாதிருக்க அவர்கள் செய்யும் வேலைகளும் அவற்றிற்கான காரணங்களும் இங்கு விளக்கப்படுகின்றன. காற்று இல்லாத நேரத்திலும் துறைமுகத்திற்குள் நுழையும்போதும் ஓட்டுவதற்காக அப்படகுகளில் ஒரு சிறு டீசல் என்ஜின் உண்டு. அது நம் கிணற்றடியில் இருக்கும் என்ஜினுக்கு உறவுதான். ஆகவே கடலையே பார்த்திராத உழவருக்கும் இதில் செய்தி இருக்கிறது.

படகுப் பருவம்

சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோம் பால்டிக் கடலோரத்தில் உள்ளது. அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சிறு தீவுகள் உள்ளன. அங்கே பாய் விரிக்கும் பருவம் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரைதான். பெருங்கடலின் ஒரு லிட்டர் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். ஸ்டாக்ஹோம் அருகே 6 கிராம் அளவே உள்ளது. உப்பு குறையக் குறைய நீர் எளிதில் உறையும் என்பதால், குளிர்காலத்தில் அங்குள்ள உட்குடாக்கள் பனிக்கட்டியாகி விடுகின்றன. எனவே செப்டம்பர், அக்டோபரில் படகுகள் கரையேற்றப்படுகின்றன. மீண்டும் ஏப்ரல், மே மாதங்களில் நீரில் இறக்கப்படுகின்றன.

படகு வைத்திருப்போர் எல்லோரும் செல்வந்தர் அல்லர். ஆசிரியர், எழுத்தர், ஓய்வூதியர் எனப் பலதரப்பட்டவர்களும் உண்டு. பல இடங்களில் அவர்கள் சங்கமாகச் சேர்ந்து கரையோரத்தில் இடம் பிடித்து, ஒரு நாளுக்குக் கிரேனை வாடகைக்கு அமர்த்தி, எல்லாப் படகுகளையும் தாங்களே தூக்கி வைக்கின்றனர். வேலை நாளில் உறுப்பினர் வந்தாக வேண்டும். இரவுக் காவலும் முறைவைத்து நடக்கிறது. நம் பழைய குடிமராமத்தை இது நினைவூட்டுகிறது.

உறையும் நீரின் வலிமை

பெரும்பாலான பொருட்கள் உறையும்போது சுருங்கும். நீர் அப்படியன்று. பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. என்ஜினைக் குளிர்விக்கும் நீர் உள்ளே தங்கி உறைந்தால் விரிவதற்கு இடம் தேடும். வார்ப்பிரும்புக்கு நெகிழத் தெரியாது. அது விரிசல் விடும். ஓர் இரவுக் குளிரில் ஒரு என்ஜின் வீணாவது இப்படித்தான்.

இதற்காகப் படகுக்காரர்கள் குளிர்விக்கும் நீர் செல்லும் வழிகளை வடித்து, புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த உறைதடுப்புத் திரவத்தை என்ஜின் வழியே ஓடவிடுகின்றனர். எத்திலீன் கிளைக்கால் நஞ்சு என்பதால் குடிநீர்க் குழாய்களில் அதைச் சேர்ப்பதில்லை. ஒரு நுட்பமும் உண்டு. பந்து வால்வை முழுவதும் மூடினால் அதனுள் இருக்கும் உருண்டையின் துளையில் சிறிது நீர் சிறைப்பட்டுவிடும். அந்தச் சிறிதளவு நீரே உறைந்து வால்வை உடைத்துவிடும். ஆகவே படகு கரையில் இருக்கும் காலமெல்லாம் வால்வுகளைத் திறந்தே வைக்கிறார்கள்.

நம் சமவெளியில் உறைபனிக்கு இடமில்லை. ஆனால் தங்கிய நீர் இங்கு வேறு வகையில் தீமை செய்கிறது. துருவும் உப்புப் படிவும் அதன் வேலைகள். நீரை வடித்துவிட்டு வைப்பது இரு நாட்டிற்கும் பொருந்தும்.

எண்ணெய் மாற்றுவது எப்போது?

இங்குதான் நம் வழக்கத்திற்கும் அவர்கள் வழக்கத்திற்கும் பெரிய வேறுபாடு. பருவம் தொடங்கும்போது புது எண்ணெய் ஊற்றி ஓட்டுவது நம் வழக்கம். அவர்களோ பருவம் முடிந்ததும், படகைத் தூக்கி வைக்கும் முன்பே என்ஜினைச் சூடாக ஓட்டி, பழைய எண்ணெயை வடித்து, வடிகட்டியையும் மாற்றிப் புது எண்ணெய் ஊற்றுகின்றனர்.

டீசல் எரியும்போது கரியும் நீராவியும் அமிலப் பொருட்களும் உண்டாகின்றன. இவற்றில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெயில் கலக்கிறது. ஓடும் என்ஜினின் சூட்டில் நீர் ஆவியாகி வெளியேறிவிடும். நின்ற என்ஜினில் அது போக வழியில்லை. அமிலமும் ஈரமும் கலந்த எண்ணெய், பேரிங்குகளின் மேல் மாதக்கணக்கில் ஒட்டிக் கிடந்து அரிக்கும். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. அதனால் அமிலத்தின் அளவு முன்னைவிடக் குறைவே. ஆயினும் கரியும் ஈரமும் குறையவில்லை. எண்ணெய்ச் செலவு இருமடங்காகுமோ என்று உழவர்கள் அஞ்ச வேண்டாம். மாற்றும் நாளைத்தான் முன்னே தள்ளுகிறோம். ஒரு தடவை ஊற்றும் எண்ணெய் ஒரு தடவைதான்.

எரிபொருளிலும் கவனம் வேண்டும். அரைகுறையாக நிரம்பிய தொட்டியின் மேற்பாதியில் காற்று நிற்கும். பகலில் சூடாகி இரவில் குளிரும்போது அக்காற்றிலுள்ள ஈரம் தொட்டிச் சுவரில் வியர்த்து வழியும். நீர் கனமானது ஆதலால் அடியில் தங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கருநிறச் சளிபோன்ற படிவத்தை உண்டாக்கும். பருவம் தொடங்கிய சில நாட்களில் வடிகட்டி அடைபட்டு என்ஜின் மூச்சுத் திணறுவதற்கு இது முக்கியக் காரணம். தொட்டியை முழுவதும் நிரப்பி வைத்தால் காற்றுக்கும் வியர்வைக்கும் இடமில்லை. அடியில் உள்ள திருகைத் திறந்து, தேங்கிய நீரை முதலில் வடித்துவிட வேண்டும்.

பெட்ரோலுக்கு இதற்கு நேர்மாறான முறை. சிறு படகுகளின் வெளிப்புற மோட்டாரில் எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை ஓட்டி நிறுத்துகின்றனர். பெட்ரோல் நாட்பட்டால் ஆவியாகக்கூடிய பகுதி போய்ப் பிசின் தங்கும். அது ஜெட்டின் நுண்துளையை அடைக்கும். நம் நாட்டில் 2025 முதல் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து தொட்டியடியில் இறங்கும். ஆகவே பெட்ரோலில் ஓடும் விசைத்தெளிப்பானைப் பெட்ரோலோடு மூலையில் வைப்பது கூடாது. தொட்டியைக் காலிசெய்து, மிச்சம் தீரும்வரை ஓட்டி நிறுத்தி வைக்க வேண்டும்.

படகுக்காரர்கள் செய்யும் வேறு சில சிறு வேலைகளும் உண்டு. நீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லரைக் கழற்றி வைக்கிறார்கள். ஒரே நிலையில் மடங்கிக் கிடந்தால் அதன் இதழ்கள் நிமிராமல் போகும். பெல்ட்டைத் தளர்த்துகிறார்கள். காற்று உள்ளே போகும் வாயையும் புகைக்குழாயையும் எண்ணெய்த் துணியால் அடைக்கிறார்கள். அடைத்ததை மறந்து ஓட்டிவிடாதபடி சாவியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைப்பது நல்லது.

மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் என்ஜின் நன்றாக இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். இது நன்மையைவிடத் தீமையே செய்யும். ஐந்து நிமிடத்தில் என்ஜின் முழுச்சூட்டை எட்டாது. எரிந்ததில் உண்டான நீர் உள்ளேயே தங்கும். ஓட்டுவதானால் சுமையோடு அரைமணி நேரமாவது ஓட்டலாம். இல்லையேல் ஓட்டாமல் கையால் சுற்றி வைப்பது மேல்.

பேட்டரி

முழுதும் மின்னேற்றிய ஈய-அமில பேட்டரி, குளிர்நாட்டின் எந்தக் குளிரிலும் உறையாது. மின்சாரம் தீர்ந்த பேட்டரியோ உறைநிலைக்குக் கீழ் சுமார் 10 டிகிரி செண்டிகிரேடிலேயே உறைந்து வெடிப்புக் காணும். அமிலம் தட்டுகளுக்குள் போய்விட, மிஞ்சுவது பெரும்பாலும் நீரே என்பதுதான் காரணம். ஆகவே அவர்கள் பேட்டரியைக் கழற்றி, முழுதும் ஏற்றி வைக்கின்றனர்.

நமக்கு எதிரி வெப்பம். பயன்படுத்தாத பேட்டரியும் தானாகவே மின்சாரத்தை இழக்கும். வெப்பம் கூடக்கூட இழப்பும் வேகமாகும். குறைந்த நிலையில் கிடந்தால் தட்டுகளில் ஈயச் சல்பேட் கெட்டியாகப் படிந்து, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் தாங்காது. டிராக்டரோ பவர்டில்லரோ நிற்கும் காலத்தில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை வோல்ட் அளவு பார்க்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரி 12.4க்குக் கீழ் இறங்கினால் ஏற்ற வேண்டும்.

மரம், பாய், மேலுறை

மரப்படகைக் கரையில் வெகுவாகக் காயவிட்டால் பலகைகள் சுருங்கி மூட்டுகள் வாய்விடும். வசந்தத்தில் நீரில் இறக்கியதும் உள்ளே நீர் கசியும். ஓரிரு நாளில் மரம் ஊறிப் பருத்து மூட்டுகள் தானே அடைபடும். கோடையில் வண்டிச் சக்கரத்தின் பட்டா கழன்றாடினால் அதைக் குளத்தில் ஊறப்போட்ட நம் முன்னோருக்கு இது புதிய செய்தியன்று. இப்போது பெரும்பாலான படகுகள் கண்ணாடி இழையால் ஆனவை. அவற்றைக் காயவிடுவதே நல்லது.

பாய்களை நன்னீரில் அலசி, நிழலில் நன்கு உலர்த்தியே மடிக்கிறார்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் பூசணத்தை வரவழைக்கும். நம் தார்பாய்க்கும் கோணிக்கும் இதே விதிதான். எலி கூடுகட்டுவதற்குப் பாயைப் போல் வசதியான இடம் வேறில்லை என்பதை அந்நாட்டாரும் அறிவர்.

படகின் மேல் போடும் உறை அதை இறுகப் போர்த்தக்கூடாது. நடுவே கூரைபோல் முகடு கட்டினால்தான் பனியும் மழையும் வழிந்தோடும். இரு முனைகளிலும் காற்று நுழைய வழி விடவேண்டும். இறுகப் போர்த்தினால் உள்ளே வியர்க்கும். உறையின் கயிறுகளை, படகைப் பக்கவாட்டில் தாங்கும் இரும்புத் தாங்கிகளில் ஒருபோதும் கட்டமாட்டார்கள். சூறைக்காற்றில் உறை படபடத்துத் தாங்கியை இழுத்துவிட்டால் பல டன் எடையுள்ள படகு சாயும்.

அடிப்பூச்சு

நீருக்குள் இருக்கும் பகுதியில் கொட்டலசும் பாசியும் ஒட்டும். கரையேற்றியவுடன், அவை காயும் முன்பே வேகமாகப் பாய்ச்சிய நீரால் கழுவிவிட வேண்டும். காய்ந்தால் சிமெண்டுபோல் பிடிக்கும். இவை ஒட்டாமலிருக்க நஞ்சு கலந்த பூச்சு அடிப்பது உண்டு. முன்பு வெள்ளீயம் சேர்ந்த டிரைபியூட்டைல் டின் என்ற பொருளைக் கலந்தனர். படகு சுத்தமாகவே இருந்தது. ஆனால் பிரான்சு நாட்டின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு நொடித்தது. இப்பூச்சே காரணம் என்று அறிந்து 1982இல் அந்நாடு சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. உலகளாவிய தடை 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. தன் வயலுக்கு அடித்த மருந்து அடுத்தவர் குளத்தில் மீனைக் கொல்வது போன்றதே இது. பழைய பூச்சைச் சுரண்டும்போது அதன் தூள் மூச்சில் புகாமல் முகமூடி அணிய வேண்டும்.

மீண்டும் இறக்கும்போது

இலையுதிர் காலத்தில் என்ன கழற்றினோம், எது தேய்ந்திருந்தது என்று ஒரு தாளில் எழுதிப் படகினுள் வைத்துவிடுவது நல்ல வழக்கம். வசந்தத்தில் அந்தத் தாளைப் பார்த்தே வேலை தொடங்குகிறது. இம்பெல்லர் திரும்பப் பொருத்தப்படும். புகைக்குழாய் அடைப்பு எடுக்கப்படும். பெல்ட் இறுக்கப்படும். திறந்து கிடந்த வால்வுகள் மூடப்படும். படகு நீரைத் தொட்டதும் கிரேன் வாரை உடனே அவிழ்ப்பதில்லை. வாரில் தொங்கும்போதே ஒருவர் உள்ளே இறங்கி, ஒவ்வொரு வால்வையும் குழாய் இணைப்பையும் தடவிப் பார்த்து, கசிவு இல்லை என்று சொன்ன பிறகே படகு விடப்படும். என்ஜினையும் உடனே முடுக்குவதில்லை. எரிபொருளை நிறுத்தி வைத்து, கையாலோ ஸ்டார்ட்டராலோ சில சுற்று சுற்றி, எண்ணெய் பேரிங்குகளை எட்டிய பின்னரே டீசலைத் திறக்கின்றனர். நம் ஆயில் என்ஜினுக்கும் டீகம்ப்ரஷன் நெம்புகோலைத் தூக்கிப் பிடித்து, கைப்பிடியால் பத்துப் பதினைந்து சுற்று சுற்றிய பிறகு முடுக்கினால் போதும்.